வெறும் குடுவை

ஜனவரி 6

அன்புள்ள சின்னவளுக்கு,

நீ உங்கள் கம்பெனியில் மருந்து தயாரிக்கும் தொட்டிக்கே அதிகாரியாகிவிட்டாயாம், அம்மா போனில் மூன்று முறை சொன்னாள். கூடத்தில் என் படம் இருந்த இடத்தில் இப்போது வெள்ளைக் கோட்டு போட்ட நீ, நான் அலமாரிக்குள். பன்னிரண்டு வருஷமாக மைக்ராஸ்கோப்பே கதியென்று கிடக்கிறேன், "சாப்ட்டியா?"வுக்கு மேல் என்னை அவள் எதுவும் கேட்டதில்லை. பொறாமையா என்பாய். ஆமாம், கொஞ்சம். உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

ஜனவரி 14

என் செல்ல அக்காவுக்கு,

கொஞ்சம்தானா? உன்னை எனக்குத் தெரியாதா! இங்கே தொட்டியில் மருந்து சுரக்கும் செல்கள் அருமையாகப் பெருகியிருக்கின்றன. ரத்தம் உறையாத குழந்தைகளுக்கான மருந்து; மூன்று ஆஸ்பத்திரிகள் காத்திருக்கின்றன. சாம்பிள் இன்று உங்கள் ஆய்வகத்துக்குக் கிளம்பிவிட்டது. அதில் வைரஸ் இருந்தால், அதை ஊற்றிய உன் குடுவையில் நீ வளர்க்கும் செல்கள் செத்து உதிரும். சாம்பிளே ஊற்றாமல் செல்களை மட்டும் வளர்க்கும் வெறும் குடுவையிலும் உதிர்ந்தால் கோளாறு உங்களுடையது. "முதல்ல வெறும் குடுவையப் பாரு, அப்புறம் கையெழுத்துப் போடு" என்று நீ எல்லோரையும் விரட்டுவாயே, அதைச் சொல்லித்தான் நானும் இங்கே மிரட்டுகிறேன்.

நீ பார்த்தால் எனக்கு நிம்மதி.

சின்னவள்

பிப்ரவரி 2

அன்புள்ள சின்னவளுக்கு,

உன் சாம்பிளில் வைரஸ். செல்கள் கூண்டோடு உதிர்ந்துவிட்டன. அறிக்கை அனுப்பிவிட்டேன். மனசைத் தளரவிடாதே, பெரிய பொறுப்பில் இதெல்லாம் சகஜம். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அக்கா

பிப்ரவரி 9

அக்கா,

தொட்டி முழுவதையும் நீராவி விட்டுக் கொன்று சாக்கடையில் விட்டோம். மறுபடி சோதிக்கச் சொல்லலாமா என்று மேலாளர் கேட்டார். "எங்கக்கா கையெழுத்துப் போட்டா போட்டதுதான் சார்" என்றேன். என்னைப் பொறுப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள். ஆஸ்பத்திரிகளுக்குக் கையை விரித்தாயிற்று. எனக்கு உன்னை நினைத்துத்தான் கஷ்டமாக இருக்கிறது. அந்தக் குடுவையைப் பார்த்தபோது நீ எவ்வளவு அழுதிருப்பாய்!

சின்னவள்

பிப்ரவரி 17

சின்னவளே,

நான் அழவில்லை. என் வயிறு குளிர்ந்தது. அந்தச் சந்தோஷத்தில், பக்கத்தில் இருந்த வெறும் குடுவையைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டேன். உன் கடிதம் படித்த பிறகுதான் எடுத்துப் பார்த்தேன். அதிலும் செல்கள் உதிர்ந்து கிடந்தன. வைரஸ் நாங்கள் செல்களுக்கு ஊற்றும் சத்துநீரிலேயே இருந்திருக்கிறது. உன் தொட்டி சுத்தம்.

அறிக்கை தவறென்று உன் மேலாளருக்கு எழுதிவிட்டேன். அம்மாவிடமும் சொன்னேன். "அவகிட்ட சொன்னியா?" என்று மட்டும் கேட்டாள்.

திட்டியாவது இரண்டு வரி எழுது.

அக்கா

மார்ச் 20

மதிப்பிற்குரிய பரிசோதனைப் பிரிவினருக்கு,

வணக்கம். நான் மீண்டும் பொறுப்பேற்றுள்ளேன். புதிய தொட்டியின் சாம்பிள் இத்துடன் அனுப்பப்படுகிறது. குழந்தைகள் காத்திருப்பதால் விரைவில் முடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். வெறும் குடுவையை இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்திடவும். அந்த இருவரில் என் அக்கா இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
தொட்டி அதிகாரி