கண்ணில் சந்தனம்

ஆயுத பூஜை, காலை 9:10
நான் விழி-4. சங்கரன்கோவில் பக்கம் முகாம் வேனில் வேலை. கர்ப்பப்பை வாயைப் படமெடுத்து, புற்றுநோய்க்கு முந்தைய மாற்றத்தைக் கண்டுபிடிப்பேன். வினிகர் கலந்த நீரைத் தடவினால் கெட்ட இடம் வெளுக்கும். அந்த வெளுப்பு சில நிமிடத்தில் மங்கும். வெளுப்பு தெரிந்தால் சிவப்பு விளக்கு, இல்லையென்றால் பச்சை. மனிதக் கண்ணை நம்ப முடியாமல்தானே என்னைச் செய்தார்கள்!

அதே நாள், 11:40
டிரைவர் கருத்தப்பாண்டி ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைத்தார். அடுத்து எனக்கு. நெற்றியைத் தேடி, லென்ஸின் மேல்பக்கம் சந்தனத்தை அப்பினார். அட, அறிவுக்கொழுந்தே! 'லென்ஸைத் துடைக்கவும்' என்று திரையில் காட்டினேன். நர்ஸ் செண்பகவல்லி பஞ்சை எடுத்தார்.

"அழிக்காதீங்க சிஸ்டர். சாமி பொட்டு, தானா உதிரணும்."

நர்ஸும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். படித்தவராம்.

மறுநாள், 8:05
பெண்கள் வரிசையில் நிற்கிறார்கள். இந்த மடையர்களை நம்பிப் பயனில்லை. சந்தனம் படத்தில் வெள்ளைத் திட்டாகத் தெரிகிறது. மேல்பக்க வெள்ளை எதையும் கணக்கில் எடுக்காதே என்று எனக்கு நானே கட்டளையிட்டேன். மீதி இடத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். நான் யார்!

அதே நாள், 12:50
கடைசியாக டிரைவரின் மனைவி முத்துப்பேச்சி. அவள் அக்காளைக் கொண்டுபோன நோய் இது.

"பச்ச எரிஞ்சா பயமில்லல்லா சிஸ்டர்?"

"பயமில்லக்கா, படுங்க."

என்னைப் பார்த்தாள். "கண்ணுல போயி சந்தனத்த அப்பியிருக்காரே, கோட்டிக்கார மனுசன்!" முந்தானையால் துடைத்தாள். அப்பாடா, ஒருத்திக்காவது புத்தி இருக்கிறது.

படமெடுத்தேன். பச்சை. வெளியே கருத்தப்பாண்டி எல்லோருக்கும் டீ சொன்னார்.

அன்று மாலை, 6:30
இந்த வருட முகாம் முடிந்தது. ஸ்டோர் ரூமில் பூட்டிவிட்டார்கள். சும்மா படங்களைத் திருப்பிப் பார்த்தேன். முத்துப்பேச்சியின் படங்களில் மேல்பக்கம் வெள்ளைத் திட்டு. நிமிடத்துக்கு நிமிடம் மங்குகிறது. சந்தனம் மங்காது. அதைத்தான் அவள் துடைத்துவிட்டாளே! கட்டளையை நான் நீக்கவே இல்லை. அறிவுக்கொழுந்து நான்தான்.

'முத்துப்பேச்சியைக் கூப்பிடுங்கள். பச்சை தவறு. இன்று வந்த எல்லோரையும் மறுபடி பாருங்கள். இப்போது வந்தால் காப்பாற்றலாம்.' திரையில் எழுதி வைத்திருக்கிறேன். பாட்டரி குறைகிறது. தூங்கப் போகிறேன். கதவு திறந்தால் விழிப்பேன்.

அடுத்த ஆயுத பூஜை
கதவு திறந்தது. பாட்டரி ஒரு சதவீதம். திரையில் எழுத்து இருக்கிறது. கருத்தப்பாண்டி குனிகிறார்.

"எம் பொண்டாட்டிக்குப் பச்ச காட்டுன மகராசன்லா இது. இதுக்கு ரெண்டு பொட்டா வைப்போம் சிஸ்டர்."

சந்தனம். எதுவும் தெரியவில்லை. திரையைப் பாருங்களேன், மடையர்களே. ஒரே ஒரு தடவை திரையை