சாகாத ஆடுகளும் வாசல் விளக்கும்

என்றும் அன்புக்குரிய நசீர் அண்ணனுக்கு,

நம் மயிலாப்பூர்க் குடியிருப்பின் வரலாற்றில் ஒரு யுகம் முடிந்துவிட்டது. சங்கத்தின் பொதுக்குழு சூடான போண்டாவுடன் கூடி, வாசல் விளக்கு இனி ஆள் நடமாடினால் மட்டுமே எரியும் என்று ஒருமனதாகத் தீர்மானித்தது. எதிர்த்து ஒரு குரலும் எழவில்லை. என் வாயிலும் போண்டா இருந்தது.

அது உங்கள் விளக்கு. விடியுமுன் வாசலில் உட்கார்ந்து பூக் கட்டும் மல்லிகாவுக்காக, உங்கள் வீட்டு மின்சாரத்திலிருந்து கம்பி இழுத்து நீங்கள் போட்டது. நீங்கள் போனபின் உங்கள் மகன் வீட்டைப் பூட்டினார், விளக்கும் அணைந்தது. அந்த இருட்டில்தான் சங்கம் நவீனத்தைப் பொருத்தியது.

புது விளக்குக்குக் கைவீசி நடப்பவர்தான் மனிதர். உட்கார்ந்த இடத்தில் விரல் மட்டும் அசைய வேலை செய்பவரை அது ஆளாகவே மதிப்பதில்லை. நாலு கண்ணி கட்டுவதற்குள் இருட்டிவிடும். மல்லிகா இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்குவாள். ஒளி பிறக்கும்.

"இன்னா சார் இது? சாமிக்குப் பூ கட்டச்சொல்லோ இந்த லைட்டுக்கும் கும்புடு போட்டுக்கினே கீறேன்!"

ஆட்சியும் பக்தியும் எப்படித் தோன்றின என்று நீங்களும் நானும் எத்தனை மாலைகள் பேசியிருக்கிறோம்? இவள் ஒரு வரியில் முடித்துவிட்டாள்.

"சரிப்படாது சார். வேற எடம் பாத்துக்கறேன்" என்றாள். வேறு இடம் எங்கே? மாட வீதியில் முழத்துக்கு ஒருத்தி ஏற்கெனவே இருக்கிறாள்.

அதனால் என் வீட்டிலிருந்து கம்பி இழுத்து, உங்கள் பழைய பல்பை மறுபடி எரியவிட்டேன். சங்கச் செயலாளர் பாஸ்கரன் நடைப்பயிற்சிக்குப் போகும்போது அதை அணைத்துவிட்டுப் போனார். 'தயவுசெய்து அணைக்காதீர்கள்' என்று எழுதி ஒட்டினேன். அதைப் படித்துவிட்டு அணைத்தார்.

அப்போதுதான் நீங்கள் காட்டிய சுவர் நினைவுக்கு வந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் என்னை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு கோயில் கோயிலாகக் கல்வெட்டு படிக்கக் கிளம்புவீர்களே. "உள்ள வரலியாண்ணே?" என்று கேட்டால், "எழுத்தெல்லாம் வெளிச்சுவத்துலதான இருக்கு, தம்பி" என்பீர்கள்.

அந்தச் சுவரில், சோழர் காலத்துச் சிற்றரசன் ஒருவன் கோயிலில் ஒரு விளக்கு அணையாமல் எரிய ஆடுகளை விட்டிருந்தான். சாவா மூவாப் பேராடுகள். செத்த ஆட்டின் இடத்தில் குட்டி வந்து நிற்கும். ஆகவே மந்தைக்குச் சாவில்லை, மூப்பில்லை. இடையர்கள் தலைமுறை தலைமுறையாக நெய் அளக்க வேண்டும், சந்திர சூரியர் உள்ளவரை.

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. "நாளைக்கு இந்த ஊரு யாரு கையில இருக்கும்னே அவனுக்குத் தெரியாது, தம்பி. ஆனா வெளக்கு எரியும்னு நம்பியிருக்கான் பாரு." நீங்கள் சொன்னபின் அந்த எழுத்தைத் தொட்டேன். கல் வெயிலில் சுட்டது. கையை எடுக்கத் தோன்றவில்லை.

மறுநாள் வேறு தாள் ஒட்டினேன்: 'இவ்விளக்கை அணைப்பவர் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவார்.' அரசன் சுவரில் வைத்திருந்த அதே சாபம்.

அன்று முதல் யாரும் சுவிட்சைத் தொடவில்லை. பாஸ்கரன் மட்டும் என்னைப் படிக்கட்டில் பிடித்தார்.

"சார், இதெல்லாம் நான் நம்புறவன் இல்ல. அந்தப் பேப்பரை மட்டும் எடுத்துடுங்க."

"எடுத்தா அணைச்சிடுவீங்களே?"

"ஐயோ, எரியட்டும் சார்! நான் எதுக்கு அணைக்கிறேன்?"

அந்த அரசனின் படை போய்விட்டது, கொடி போய்விட்டது, அவன் பெயரே சுவரில் பாதி பொரிந்துவிட்டது. ஆனால் அவன் போட்ட அதட்டலுக்கு ஓர் அடுக்ககச் செயலாளர் இன்றும் பயப்படுகிறார். இதை என்னவென்று சொல்வீர்கள், அண்ணே?

தாளைக் கிழிக்கும்போது மல்லிகா கேட்டாள். "இன்னா சார் எழுதிக்கீது?"

சொன்னேன்.

"அணைக்கிறவனுக்குத்தான் எல்லாமா? காப்பாத்துறவனுக்கு ஒண்ணும் இல்லியா?"

அந்தக் கல்வெட்டின் கடைசி வரியை நீங்கள் எனக்கு இரண்டுமுறை படித்துக்காட்டியது அப்போது புரிந்தது. அவளுக்கும் சொன்னேன்: 'இந்தத் தருமத்தைக் காப்பவர் பாதம் என் தலைமேல்.'

"யாரு காலு சார்?"

"விளக்கைப் பாத்துக்கறவங்க காலு."

பல்பில் ஒட்டும் பூச்சியைத் தினமும் முந்தானையால் துடைப்பது அவள்தான். பல்பை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நம்ப காலா? யாரு தல மேல?"

"ராஜா தலைமேல."

"அய்யே!" என்று காலை இழுத்துப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

சுவரின் மேல்வரிகளில் வென்ற தேசங்கள், ஓடிய எதிரிகள். கடைசி வரியில், இன்னும் பிறக்காத, யாரென்றே தெரியாத ஒருவரின் காலடியில் அந்தத் தலை. எந்தத் தைரியத்தில் அப்படிக் குனிந்தான்? கேட்க நீங்கள் இல்லை.

சந்திர சூரியருக்கு நான் பொறுப்பேற்க முடியாது. நான் உள்ளவரை விளக்கு எரியும், இது சத்தியம். சாகாத ஆடுகள் என்னிடம் இல்லை, ஆகவே மகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

மல்லிகா இப்போதெல்லாம் செருப்பைக் கேட்டுக்கு வெளியே கழற்றிவிட்டு வந்துதான் விளக்கடியில் உட்காருகிறாள்.

உங்கள் எதிர்வீட்டுத் தம்பி,
சந்தானம்