முழங்கையில் சுற்றாத வயர்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முதுகுவலி குறைந்ததா? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

கண்காட்சி அரங்கில் நேற்று ஒரு சின்னப் பேச்சு நடந்தது, கவலைப்படாதே. எக்ஸ்டென்ஷன் வயரை எங்கள் சூப்பர்வைசர் முழங்கையில் சுற்றுவார். வயர் முறுக்கிக்கொள்ளும், மறுநாள் சிக்கெடுக்கவே அரை மணி நேரம் போய்விடும். நான் ஒரு வளையத்தை வெளிப்பக்கமாகவும் அடுத்ததை உட்பக்கமாகவும் திருப்பிப் போடுவேன். முனையைப் பிடித்து வீசினால் நேராக ஓடும்.

“இருபது வருஷமா இப்படித்தான் சுத்தறேன்” என்றார்.

“இருபது வருஷமா சிக்கும் எடுக்கறீங்கண்ணே” என்றேன்.

“என்னை மாதிரி சுத்து. இல்லேன்னா மாசக் கடைசியில ஊருக்கு டிக்கெட்.”

அவர் பிடித்த முயலுக்கு மூன்று கால். என் முயலுக்கு நான்கு, நான் எண்ணிப் பார்த்துவிட்டேன். நேற்று மாலையே அறுபது வயரையும் என் முறையில் சுற்றி ஆணிகளில் மாட்டினேன். இன்று காலை எல்லோரும் அங்கேதான் வந்து எடுத்தார்கள். அவரும் ஒன்றை எடுத்தார், என்னைப் பார்க்காமல். ஆனால் டிக்கெட் பேச்சை அவர் திரும்பப் பெறவில்லை. நானும் முழங்கையை மடக்கவில்லை.

வயர்களைக் கட்ட நாடா வேண்டும். உன் பழைய நீலப் புடவையை விரலகலத்தில் கிழித்து அறுபது துண்டு அனுப்பு. டேப் பிசுபிசுக்கிறது, அதுதான் காரணம், வேறொன்றுமில்லை. துவைக்க வேண்டாம்.

மாலை வேலைக்கு ஏற்றிப்போகும் வண்டி கீழே ஹாரன் அடிக்கிறது. மாசக் கடைசிக்குள் துண்டுகள் தபாலில் வராவிட்டாலும் பரவாயில்லை. நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.

பாப்பாவின் அப்பா