வெள்ளைக்கு விட்ட இடம்

அக்டோபர் 6, திங்கள்

முத்தையாபுரம் உப்பளத்தில் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தேன், எட்டுக்குப் படம் முடிந்துவிட்டது. உப்பு அம்பாரத்தின் முன்னால் அங்கே உப்பு அள்ளும் இசக்கியம்மாள் அக்கா, சேலைமேல் போட்ட வெள்ளைச் சட்டையோடு. அந்தச் சட்டையில் ஒரு துளி வண்ணம் கிடையாது. வெறும் தாள். நீர்வண்ணத்தில் நான் வெள்ளை பூசுவதில்லை, இடம் விடுவேன். பதினேழு வருடத்தில் இவ்வளவு சரியாக விட்டதில்லை. சென்னையில் என் முதல் தனிக் கண்காட்சி. பன்னிரண்டு படங்களில் முன்சுவருக்கு இதுதான். படங்களை ஏற்ற 14ஆம் தேதி லாரி வருகிறது.

ரெக்சன் பார்த்துவிட்டு, "சட்டை இன்னும் முடியலியோ?" என்றார். படகுக்குப் பெயிண்ட் அடிக்கிற மனுசன். கல்யாணமான நாளிலிருந்து, வெள்ளை விட்ட எந்த இடத்தைப் பார்த்தாலும் இதே கேள்வி. எரிச்சல் தாங்காமல், "ஆமா, முடியல. நீங்களே முடிங்க" என்றேன். தூரிகையைக் கழுவப் போய்விட்டேன்.

அக்டோபர் 8, புதன்

நாசரேத் பள்ளிக்கூடம். ஓவியப் போட்டிக்கு நடுவர். நூற்றெட்டுப் பிள்ளைகள், நூற்றெட்டுத் தென்னைமரம். எல்லாம் விளிம்புவரை வண்ணம். வெள்ளை மிஞ்சினால் மார்க் குறையுமாம். யார் சொல்லிக்கொடுத்தது இதை?

தங்கதுரை அண்ணாச்சியின் பிரேம் கடையில் படத்தைக் கொடுக்கச் சொல்லியிருந்தேன். கொடுத்துவிட்டுப் படகு வேலைக்கு வேம்பார் போய்விட்டாராம் ரெக்சன்.

அக்டோபர் 10, வெள்ளி

பிரேம் கடைக்குப் போனால், கண்ணாடிக்குள் சட்டை பளபளக்கிறது. எனாமல்! பிரேமுக்கு அடிக்கிற அதே வெள்ளைப் பெயிண்ட்! சுற்றிலும் எண்ணெய் ஊறித் தாள் மஞ்சளாகிவிட்டது.

கடை வாசலில், தெருவில் நின்று கத்தினேன். "காலியா கெடக்குன்னு நீரே பூசிட்டீரோ? கண்ணு அவிஞ்சு போச்சா?"

"வந்தது எப்படியோ அப்படித்தான் மாட்டினேன், தங்கச்சி" என்றார் தங்கதுரை. பொய்யன் என்றேன். டீக்கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அக்டோபர் 11, சனி

மழைக்குப் பயந்து அம்பாரங்களை ஓலை போட்டு மூடிவிட்டார்கள். மறுபடி வரைய வழியில்லை. அந்த ஆள் நாசமாய்ப் போகட்டும்.

அக்டோபர் 12, ஞாயிறு

ரெக்சன் வந்தார். பையைக் கீழே வைக்கவில்லை, அதற்குள் —

"சட்டை எப்படி இருக்கு, ஜெர்லின்? ரெண்டு கோட்டு எனாமல் குடுத்தேன், ஒரு பொட்டு விடாம. படகுல பெயிண்ட் படாத எடத்துலதான தண்ணி ஏறும்?"

முகமெல்லாம் சிரிப்பு. நான் நின்ற நிலையைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. "நீதான முடிக்கச் சொன்ன?"

நான்தான் சொன்னேன்.

திட்ட வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. எத்தனை தடவை கேட்டார், ஒரு தடவையாவது உட்கார வைத்துச் சொன்னேனா? அதுக்காக? எம் படத்துல கை வைக்கலாமா? சண்டாளி, நானும்தான் அந்த அண்ணாச்சிய என்ன பேச்சுப் பேசிட்டேன்!

அக்டோபர் 13, திங்கள்

கடைக்குள் போய், தப்பு என்மேல்தான் அண்ணாச்சி என்று மெதுவாகச் சொன்னேன். அவர் கண்ணாடி வெட்டுவதை நிறுத்தவில்லை. "ஏசுனது தெருவுக்கே கேட்டுச்சு. மன்னிப்ப மட்டும் எங்காதுல சொல்லுதீய."

சுருக்கென்று கோபம் வந்தது. எனக்கு! இன்னும்கூட! இவ்வளவு திமிரை எங்கே வைத்திருந்தேன்?

அக்டோபர் 14, செவ்வாய்

காலையில் அதே இடத்தில் நின்று, அதே சத்தத்தில் சொன்னேன். "அண்ணாச்சி மேல தப்பு இல்ல. எங்க வீட்டுல நடந்தது. நான்தான் கண்டபடி பேசிட்டேன்." டீக்கடை முழுக்கத் திரும்பியது. காது சுட்டது.

லாரி வந்ததும் அண்ணாச்சி பதினோரு படங்களையும் தானே ஏற்றினார். என் பக்கம் திரும்பவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

மழை. உப்பளம் மூழ்கிவிட்டது. இசக்கியம்மாள் அக்காவிடம் சட்டையை வாங்கிவந்து, வராந்தாவில் கொடியில் போட்டு வரைந்தேன்.

ரெக்சன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எட்டவே நின்றார். பத்து நாளாக எதையும் கேட்பதில்லை. அதுவும் எரிச்சலாகத்தான் இருக்கிறது.

"இங்கன வாங்க" என்று பக்கத்தில் உட்கார வைத்தேன். "இந்த வெள்ளை, தாளுதான். அப்படியே விடணும். முடிஞ்சிட்டு."

குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"தண்ணி ஏறாதுல்லா?"

"ஏறாது" என்றேன்.