நடுக்குரல் நானில்லை, அக்கா

என் ஆசை அக்காவுக்கு,

வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு நீங்கள் போய் ஒரு வருடம். எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. செத்தவர்களோடு கோபிக்கக் கூடாது என்கிறார்கள். நான் வேறு யாரோடு கோபிப்பேன்?

டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு அடுக்கும் வேலையில் உங்களோடு நின்ற பிரேசில்காரி, தன் நாட்டுச் சகோதரிகள் மூவரின் சிடி ஒன்று தந்தாள். சின்ன வயதில் சந்தையில் பாடத் தொடங்கி, கிழவிகளாகும் வரை ஒன்றாகவே மேடையேறியவர்களாம். அதைக் கேட்டுக் கேட்டுத்தான் எங்கள் மூவருக்கும் குரல் பிரித்தீர்கள். மேல்குரல் உங்களுக்கு, கீழ்க்குரல் சின்னவள் ஜெசிந்தாவுக்கு, நடுக்குரல் எனக்கு. "எது ஆரின்ர குரலெண்டு ஒருத்தருக்கும் தெரியக்கூடாது, பிள்ளை" என்பீர்கள். லாசால் கோவிலில் தொடங்கி, கலியாணம், கிறிஸ்மஸ் ஒளிவிழா என்று மொன்றியல் முழுக்கப் பாடினோம்.

பிறகு எங்கள் ஒரே சிடி. வெளியீட்டன்று மண்டபத்தில் முதல் பாட்டு ஒலித்ததுமே விளங்கிவிட்டது. நடுவில் பாடியது நானில்லை. என் மூச்சு எனக்குத் தெரியாதா? ஒலிப்பதிவில் நான் பாடியதை அழித்துவிட்டு, அதையும் நீங்களே பாடியிருந்தீர்கள். அட்டையில் மட்டும் என் படம். சனம் வந்து கையைப் பிடித்து, "பிள்ளை, உம்மட குரல்தான் திறம்" என்றது. நீங்கள் பக்கத்தில் நின்று சிரித்தீர்கள்.

சரி, மேலே போகும் இடத்தில் எனக்குச் சுருதி இறங்கும். கூப்பிட்டுச் சொல்லியிருந்தால் நூறு தரம் பாடியிருப்பேனே. நீங்கள் சொல்லவில்லை, நானும் ரோசத்தில் கேட்கவில்லை. அதற்குள் வருத்தம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டீர்கள். படுக்கையில் கிடப்பவரிடம் எப்படிக் கேட்பது?

போன கிழமை உங்கள் மகள் அந்த சிடியைப் போட்டுவிட்டு, "சித்தி, இதிலை உங்கட குரல் எது?" என்றாள்.

"நடுவிலை கேக்குதே, அது."

உங்கள் பொய்யை உங்கள் பிள்ளைக்கே நான் சொல்ல வேண்டியதாயிற்று.

ஆண்டுப் பூசையில் அந்த சிடியையே போடலாம் என்கிறாள் ஜெசிந்தா. "அக்கா பாடினாத்தானே அக்கான்ர பூசை?" நான் மறுத்துவிட்டேன். ஞாயிறு நானும் அவளும் நேரே நின்று பாடுவோம். உங்கள் மகளை முன்வாங்கில் இருத்துவேன். நடுக்குரலை நான்தான் பாடுவேன், இது சத்தியம். மேலே போகும் அந்த இடத்தில் சுருதி இறங்கத்தான் செய்யும். இந்த முறை உங்களால் அழிக்க முடியாது, அக்கா.

உங்களுக்கு அடுத்துப் பிறந்த தங்கை