இயந்திரத்துக்குக் கட்டிய காந்தக் காப்பு

மேரு, கிள்ளான்.

மகள் தாமரைக்கு,

நானும் உன் சித்தி குமுதாவும் இங்கே நலம், என் மானம் மட்டும் நலமில்லை. அந்த ஸ்வீடன் குளிரில் நீ நலமாகத்தான் இருப்பாய், அதைவிடக் குளிரான இயந்திரத்தோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு என்ன குறை.

உன் அப்பா போன நாள் முதல் உன்னை வளர்த்தவன், மேருவிலிருந்து ரவாங் வரை லோரிகளை ஆண்ட சக்கரவர்த்தி நான். என்னைப் பற்றிக் குடும்ப வாட்ஸ்அப்பில், "சித்தப்பா குடுத்த காந்தக் காப்பாலதான் ஏழு வாரம் வேஸ்ட் லா" என்று போட்டாயே, உனக்குக் கை கூசவில்லையா? என் தேநீர் ஆறுவதற்குள் செய்தி ஜெஞ்சாரோம் தாண்டிவிட்டது. எதிர்வீட்டுத் தம்புசாமி என் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "என்ன பாஸ், ஸ்வீடனையே கவுத்துட்டீங்களாம்?" என்கிறான். பிரிக்பீல்ட்ஸில் அலைந்து அந்தக் காப்பை நான் வாங்கி அனுப்பியது உன் தலைவலிக்கு. ஆயுத பூசையன்று இயந்திரத்துக்குப் பொட்டு வை என்றேன், லோரிக்கு வைக்கவில்லையா நாம்? ஆனால் லோரிக்கு எலுமிச்சம்பழம் கட்டுவது போல அதன் வயிற்றில் காப்பைக் கட்டியது உன் கை. கட்டச் சொன்னதும் நான்தான் என்கிறாள் உன் சித்தி, அவள் எப்போதும் எதிர்க்கட்சிக்கே சாட்சி.

நீ காந்தம் தெரியாதவளா? அந்த இயந்திரத்துக்குள் இருப்பது முடியைவிட மெல்லிய உலோகப் படலம், கடுங்குளிரில் அதில் மின்சாரம் தடையில்லாமல் ஓடும், ஆனால் குளிரும்போது பக்கத்தில் காந்தம் இருந்தால் அதன் புலம் குட்டிக் குட்டிச் சுழல்களாக உள்ளே மாட்டிக்கொள்ளும், மைக்ரோவேவ் அலை வந்ததும் அவை ஆடி ஆடி ஆற்றலைத் தின்னும், பிறகு காந்தத்தை எடுத்தாலும் படலத்தைச் சூடாக்கும்வரை போகாது என்று எனக்கே மூன்று முறை படம் வரைந்து காட்டினாய். லோரிக்காரனுக்குப் புரிந்தது, டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறவளுக்கு ஏழு வாரம் புரியவில்லை. கடைசியில் சந்தனம் பூசிய காப்பை உன் பேராசிரியர் வந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது!

இப்போது எல்லாவற்றையும் மறுபடி அளக்க வேண்டும், மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால் நாலு வருடப் படிப்பும் போச்சு, பொங்கலுக்கு வரமாட்டேன் என்கிறாய். வராதே. வந்து முகத்தைக் காட்டினால் என் கோபம் போய்விடும், அதை நான் மார்ச் வரை காப்பாற்றியாக வேண்டும். படலத்தைச் சூடாக்கு, காந்தம் அண்டாமல் மறுபடி குளிர வை, வேளைக்குச் சாப்பிடு. நூறாண்டு நோயில்லாமல் இருந்து என்னிடம் திட்டு வாங்கு.

ஒன்றை மறக்காதே, இயந்திரத்தின் பொட்டை அழித்துவிடாதே. உன்னுடையதோடு வாங்கி என் கையில் போட்டிருந்த ஜோடிக் காப்பைக் கழற்றிச் சித்தியின் குங்குமத்தில் முக்கிப் பார்த்தேன். தட்டியதும் எல்லாம் உதிர்ந்துவிட்டது, ஒரு துகள்கூடக் காந்தத்தில் ஒட்டவில்லை, பொட்டின் மேல் பழியில்லை.

இப்படிக்கு,
ஸ்வீடனைக் கவிழ்த்த உன் சித்தப்பா,
ராதாகிருஷ்ணன்