மூடாத மூன்று வாளிகள்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அதையே சுகம் என்று எடுத்துக்கொள். நீயும் அப்படித்தான் இருப்பாய் என்று நம்புகிறேன், மீன் பண்ணையில் தொட்டி தூக்கித் தூக்கி வந்த அந்த முதுகு வலி இப்போது எப்படி இருக்கிறது என்று எழுது. இதையெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம்தான். ஆனால் அப்பா என்ற சொல் என் வாயில் வந்ததுமே உனக்கு அங்கே எங்கிருந்தோ ஒரு வேலை முளைத்துவிடுகிறது, அப்புறம் பேசறேம்மா என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் கொஞ்ச நேரம் கழித்து எடுத்துப் படிக்கத்தான் போகிறாய், பெற்றவளுக்கு அது தெரியாதா.

முதலில் உன் பார்சல் சமாச்சாரம். மூன்று வருஷமாக வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்காத பிள்ளை அம்மாவுக்கு என்னவோ அனுப்பியிருக்கிறான் என்று கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடி வந்து பிரித்தால், பிளாஸ்டிக் பையில் ஒரு பிடி மண். அதுவும் நல்ல மண்ணா, பிழிந்து போட்ட தேயிலைத்தூள் போல ஒரு சக்கை. கூடவே உன் கோழிக் கிறுக்கலில் ஒரு சீட்டு, இதற்குள் கில்லி மீன் முட்டை இருக்கிறது, மேலே எழுதியிருக்கிற தேதி வரை பையைத் திறக்காதே, காயவும் விடாதே, வெயிலும் படக்கூடாது, தேதி வந்ததும் தண்ணீர் ஊற்றினால் பொரிக்கும் என்று. மீன் என்றால் தண்ணீரில் முட்டை போடும், தண்ணீரில் பொரிக்கும், அப்படித்தான் உலகம் முழுக்க நடக்கிறது. உனக்கு மட்டும் மண்ணுக்குள் மாசக்கணக்கில் தூங்குகிற மீன் வேண்டும். மாடி வீட்டுப் பல் டாக்டர், அதுதான் எதைக் கேட்டாலும் எனக்குத் தெரியுமே என்று ஆரம்பிப்பாரே, அவர் பையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, உங்க பையன யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க, இதுல ஒண்ணும் இல்ல என்றார். வாய்க்குள் இருக்கிற பல்லையே தப்பாகப் பிடுங்குகிற மனுஷன். நான் என் ஊசிக்கு நூல் கோர்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தேன். கசகசாவைவிடக் கொஞ்சம் பெரிய முட்டை, உள்ளே கறுப்பாக இரண்டு புள்ளி. கண். அப்படியே கொண்டுபோய் என் ரவிக்கைத் துணிகளுக்கு நடுவில் வைத்துவிட்டேன்.

அப்புறம் போன மாசம் போனில் சொன்னாயே, பண்ணையில் நோய் விழுந்து அந்த வகை மொத்தமும் போய்விட்டது, இனி உங்கிட்ட இருக்கற பைதாம்மா, அதுவும் போனா அவ்வளவுதான் என்று. சொன்னபோது உன் குரல் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். மீனுக்காக அழுகிற ஆம்பளையை நான் பார்த்ததில்லை, அது என் வயிற்றிலா பிறக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அது எந்த மீனின் வம்சம் என்றும் எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் நீ சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது செத்து மிதந்த பதினோரு மீனின் வம்சம். ஏற்கெனவே எடுத்து வைத்திருந்த ஒரு பை மண்ணை மட்டும் தூக்கிக்கொண்டு நீ படியிறங்கினது இன்னும் என் கண்ணில் நிற்கிறது, சாப்பிட்டுட்டாவது போடா என்றேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது உங்கப்பாவுக்கு வருகிறேன். போனை வைக்கிற மாதிரி இதைக் கீழே வைத்துவிடாதே. ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகியும் அந்தப் பெரிய மனுஷருக்கு இன்னும் பம்ப் ஹவுஸிலேயே இருப்பதாக நினைப்பு. குழாயைத் திறந்தால் மோந்து பார்ப்பார், இன்னைக்கு மருந்து தூக்கலா போட்டிருக்கான், நான் இருந்திருந்தா இப்படியா என்பார். முப்பத்திரண்டு வருஷம் ஊருக்கே குளோரின் போட்டுக் குடிக்கக் கொடுத்தவர், அந்தக் கர்வம் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உன் பை வந்த நாளிலிருந்து அதன் பக்கம் திரும்பவே இல்லை. என்ன பார்சல் என்றுகூடக் கேட்கவில்லை. ஆனால் என் துணி அலமாரி இரண்டு தடவை சரியாக மூடாமல் கிடந்தது, ரவிக்கைத் துணி கலைந்திருந்தது. ரவிக்கைத் துணியில் அவருக்கு என்ன வேலை. நான் கேட்கவில்லை, கேட்டால் கரப்பான் பூச்சி என்பார்.

நீ எழுதின தேதி எனக்குச் சுத்தமாக மறந்துவிட்டது, பள்ளிக்கூடச் சீருடைத் தையல் மலையாகக் குவிந்து கிடந்தது. அந்தத் தேதிக்கு மூன்று நாளைக்கு முன்பே இவர் குளியலறையில் மூன்று வாளித் தண்ணீர் பிடித்து மூடாமல் வைத்துவிட்டார். எதுக்கு என்றால் தண்ணி நிக்கப்போகுது என்றார். யார் சொன்னது என்றால் வாளியை இன்னும் ஓரமாக நகர்த்தி வைத்தார். குளிக்கப் போனால் அந்த வாளியைத் தொடாதே இந்த வாளியைத் தொடாதே என்று கதவுக்கு வெளியே நின்று அதிகாரம். தண்ணீரும் நிற்கவில்லை ஒன்றும் நிற்கவில்லை. சனிக்கிழமை காலையில் காலண்டர் முன்னால் நின்றுகொண்டு, இன்னைக்கு என்ன தேதி, இன்னைக்கு என்ன தேதி என்று சுவரைப் பார்த்து இரண்டு தடவை கேட்டார். கண்ணாடி மூக்கில்தான் இருக்கிறது, தேதி கொட்டை எழுத்தில் இருக்கிறது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் ஓடிப்போய்ப் பையை எடுத்து வருவதற்குள் என் வெட்டு மேஜையில் இருந்த துணியெல்லாம் கட்டிலுக்குப் போய்விட்டது, பாத்திரம் கழுவுகிற நீலத் தொட்டி மேஜை நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இன்றுவரை நான் மடியில் வைத்துத்தான் துணி வெட்டுகிறேன், இரண்டு சட்டைக்குக் கை கோணலாகப் போய்விட்டது, அதை யாரிடம் சொல்ல.

உன் மண்ணைத் தொட்டியில் பரப்பியாயிற்று. தண்ணீர் ஊற்றுவதற்கு முன்னால் பீரோவின் மேல்தட்டிலிருந்து ஒரு சோதனைப் பெட்டியை எடுத்தார், நீ பார்த்திருக்க மாட்டாய், ஓய்வு பெறும்போது கையோடு கொண்டுவந்தது, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து இரண்டு சொட்டு மருந்து விட்டால் குளோரின் இருக்கிற தண்ணீர் மஞ்சளாக மாறும். மூன்று நாள் மூடாமல் வைத்தால் குளோரின் தானாகப் பறந்துவிடுமாம். முதல் வாளி, மாறவில்லை. இரண்டாவது, மாறவில்லை. மூன்றாவதையும் பார்த்தார். மறுபடியும் முதல் வாளி. இப்படி ஏழு தடவை. அட ஊத்துங்களேன், நாள் முழுக்க இதேவா என்றேன். அந்தக் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டே, அன்னைக்கும் இத எடுத்துப் பாத்திருக்கலாம், இந்த மாதிரிப் பெட்டி பம்ப் ஹவுஸ்ல நாலு கிடந்துச்சு, நான் பாக்கல என்றார். எனக்குப் புரியவில்லை. வேணும்னுதானே பண்ணீங்க, அவன் முகத்துக்கு நேராவே சொன்னீங்களே என்றேன். அதற்கு உங்கப்பா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உன் தொட்டித் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது, தண்ணீர்க்காரன் வீட்டில் இப்படி ஒரு அழுக்குத் தண்ணீரா என்று அவருக்கு ரொம்ப நாளாகவே குறுகுறுப்பு. அந்த மீனுக்கு அந்த நிறம்தான் வேண்டும் என்று யார் சொன்னார்கள், நீயும் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. அந்த வாரம் அவர் வாங்கிக் கொடுத்த வேலையை விடப்போவதாக நீ சொல்லி இரண்டு பேரும் தெருவே கேட்கச் சண்டை போட்டீர்கள் அல்லவா, அதற்குச் சமாதானமாக, நீ வந்து பார்க்கும்போது தொட்டி பளிச்சென்று இருக்கட்டும் என்று பழைய தண்ணீரை மொத்தமாக இறைத்துவிட்டு நேராகக் குழாயிலிருந்து நிரப்பியிருக்கிறார். அவர் கையால் சுத்தம் செய்த தண்ணீர், ஊரே குடிக்கிறது, மீனுக்கு ஆகாது என்று தோன்றவே இல்லையாம்.

நீ வந்து நின்று, ஊருக்கே குளோரின் போடறவருக்கு மீன் செத்துப்போகும்னு தெரியாதா என்று கேட்டாய். அந்தக் கேள்விதான் அவரைக் குத்திவிட்டது. தெரியாமல் செய்தேன் என்றால் முப்பத்திரண்டு வருஷத் தொழிலே போச்சு. அதனால் ஆமா, வேணும்னுதான் பண்ணேன், என்னடா பண்ணுவ என்று சொல்லிவிட்டார். பார்த்தாயா லட்சணத்தை. மகன் கண்ணுக்குக் கல்நெஞ்சனாக இருந்தாலும் இருப்பாராம், மடையனாக இருக்க மாட்டாராம். இதற்காக மூன்று வருஷம் ஒரு வீட்டில் ஒரு நாற்காலி காலியாகக் கிடந்திருக்கிறது. நான் இவரோடு முப்பத்தைந்து வருஷமாகக் குடித்தனம் செய்கிறேன், தெரியாது என்று ஒரு வார்த்தை இவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை. வழி தெரியாமல் நாலு தெரு சுற்றினாலும் காற்று வாங்க வந்தேன் என்பார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நீலத் தொட்டியைத் தூக்கி அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பேன், உன் மண்ணை நினைத்துப் பொறுத்துக்கொண்டேன்.

நீ மட்டும் என்ன ஒழுங்கு. பெற்ற தகப்பன் வேண்டுமென்று பதினோரு உயிரைக் கொன்றார் என்று சொன்னால் அதை அப்படியே நம்புவதா. தெருநாய் மழையில் நனைந்தால் கதவைத் திறந்து விடுகிற மனுஷர் அவர். உனக்கும் வீம்பு, கோபித்துக்கொண்டு போக ஒரு சாக்கு வேண்டியிருந்தது, கிடைத்தது. இரண்டு பேரையும் ஒரே அச்சில் வார்த்திருக்கிறது, நடுவில் நான் ஒருத்தி மடியில் துணி வெட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சரி, உன் மீனுக்கு வருகிறேன், உனக்கு அதுதானே முக்கியம். தண்ணீர் ஊற்றி மத்தியானம் வரை ஒன்றும் நடக்கவில்லை. பல் டாக்டர் இறங்கி வந்து, நான்தான் அன்னைக்கே சொன்னேனே என்றார். உங்கப்பா அவரை ஒரு பார்வை பார்த்தார், டாக்டர் மாடியேறிவிட்டார். அப்பா தொட்டிக்குப் பக்கத்தில் போட்ட நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை, சாப்பாட்டுத் தட்டையும் அங்கேயே கொண்டுவரச் சொன்னார். நாலு மணிக்கு டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துக் காட்டினார், இமை மயிர் ஒன்று உதிர்ந்து விழுந்த மாதிரி ஏதோ துடித்தது. பிறகு இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் எண்ணினேன், முப்பத்தொன்று. இவ்வளவு ஆர்ப்பாட்டமும் இந்தக் கண்ணுக்குத் தெரியாத துரும்புக்கா என்று இருந்தது, ஆனாலும் மறுபடி ஒரு தடவை எண்ணினேன். இப்போது உப்புத் தண்ணீர் பாட்டிலில் குட்டி இறால் பொரிக்க வைத்து, நீ பரணில் விட்டுப்போன காற்று மோட்டாரை மாட்டி, காலையும் மாலையும் சொட்டுக் குழாயால் தீனி போடுகிறார். உன் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார், நான் வந்தால் கையால் மூடிக்கொள்கிறார்.

ஆறு வாரத்தில் பெரிதாகி, ஒரு வருஷம்கூட முழுதாக இருக்காது என்று நீயே எழுதியிருக்கிறாய். லீவு கிடைக்கட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எனக்குச் சொல்கிற கதையை அதுகளிடம் சொல்ல முடியாது. மண்ணுக்குள் காத்திருந்தது போதும், வெளியே வந்தாயிற்று. நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன், உங்களுக்கு நடுவில் தூது போக இனி என்னால் ஆகாது. இந்தத் தாளின் அடியில் நாலு விரல் இடம் விட்டு, நீங்களும் ஏதாவது எழுதுங்க என்று காட்டினேன். எழுத என்ன இருக்கு என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டார். இருக்கட்டும், மேஜையிலேயே வைத்துவிட்டுக் கடைக்குப் போகிறேன், வந்து ஒட்டித் தபாலில் போட்டுவிடுவேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத்திலேயே நிற்காதே, முதுகுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. எங்கே இருந்தாலும் நன்றாக இரு, உனக்கு ஒரு குறையும் வராது. பதில் எழுதும்போது உறையின் மேல் உங்கப்பா பெயரை எழுது, மறந்துவிடாதே.

இப்படிக்கு,
உங்கள் இருவரையும் கட்டி மேய்க்கும்
அம்மா

முப்பத்தொன்று அல்ல. முப்பத்து மூன்று. உன் அம்மா மேலே நீந்துவதை மட்டும் எண்ணியிருக்கிறாள். இரண்டு அடியிலேயே கிடக்கின்றன, உயிர் இருக்கிறது, எழும்பவில்லை. தண்ணீரைச் சோதித்துவிட்டேன், மஞ்சள் இல்லை. என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. நீ சொல்.
அப்பா